தேயிலை பூத்தால்

ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்திருந்த மாதங்களில் கண்டி டவுனில் ஒரு கபேயில் வேலை செய்தேன். வெள்ளைக்காரர்கள் நிறைய வரும் இடம். கோப்பி போடப் பழக்கியவர் அக்குறணையில் இருந்து வரும் ஒரு நானா. முதல் நாளே சொன்னார்: "தங்கச்சி, தண்ணிய ஒரேயடியா ஊத்தக் கூடாது. தூள் நனையிற அளவுக்குக் கொஞ்சமா ஊத்துங்க. முப்பது செக்கன் பொறுங்க. ப்ளூம் ஆகட்டும்."

ஊற்றினேன். வடிதாளுக்குள் கிடந்த தூள் மெதுவாக எழும்பியது. நடுவில் ஒரு மேடு. மேட்டில் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்து வந்து உடைந்தன. நானா காரணமும் சொன்னார். வறுக்கும்போது கோப்பிக் கொட்டைக்குள்ளே காற்று அடைபட்டுவிடும், கரியமில வாயு. சுடுதண்ணீர் பட்டதும் அது வெளியேறும். அது வெளியேறினால்தான் தண்ணீர் உள்ளே போகும், ருசி இறங்கும். "பழைய தூள்னா இப்பிடி எந்திரிக்காது. அப்பிடியே சப்புன்னு கெடக்கும்."

எனக்கு அந்தச் சொல் அதற்கு முன்பே பழக்கம். இரண்டு முறை என் வாழ்க்கையில் வந்து போயிருந்தது. இரண்டு முறையும் பூவோடு சம்பந்தமே இல்லாமல்தான் வந்தது.

முதல் முறை அப்பாவின் வாயில் இருந்து.

எங்கள் வீடு கலஹா பக்கம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அப்பா தேயிலை பெக்டரியில் சல்லடை மெசினில் வேலை செய்தார். எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். ஒருநாள் இரவு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். அம்மா என்னவென்று கேட்டதற்கு, "கொழும்புல இருந்து எழுதியிருக்கானாம். தூளுல புளூம் இல்லையாம். டீமேக்கர் ஐயா என்னையப் போட்டு வாங்குறாரு" என்றார்.

கொழும்பில் வாராவாரம் தேயிலை ஏலம் நடக்கும். அதற்கு முன் தரகுக் கம்பனிக்காரர்கள் ஒவ்வொரு தோட்டத்துத் தூளையும் பார்த்து, முகர்ந்து, குடித்துத் துப்பி, ஒரு குறிப்பு எழுதுவார்கள். அந்தக் குறிப்புக்கென்றே ஒரு தனிப் பாஷை உண்டு. கறுப்பு, பழுப்பு, சாம்பல், பளிச், சப்பை. அதில் ஒன்றுதான் ப்ளூம். ரோலரில் அரைபடும்போது கொழுந்தின் சாறு வெளியே வந்து இலையின் மேலேயே படிகிறது. டிரையரில் காய்ந்ததும் அது ஒரு மினுமினுப்பாக நிற்கும். கையில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்புக்கு மேல் ஒரு மெல்லிய பளபளப்பு தெரியும். அதைத்தான் ப்ளூம் என்கிறார்கள். காய்ந்த தூளைத் தேவைக்கு மேல் சலித்தால், வெட்டினால், தேய்த்தால் அது உதிர்ந்து தூள் சாம்பல் நிறமாகிவிடும். சாம்பல் என்று எழுதிவிட்டால் விலை இறங்கும். விலை இறங்கினால் சல்லடைக்காரனைத்தான் முதலில் கேட்பார்கள்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தச் சொல்லுக்கு அவராகவே ஒரு அர்த்தம் வைத்திருந்தார். நல்ல தூளை உற்றுப் பார்த்தால் கறுப்புக்குள் லேசாக ஒரு நீலம் ஓடும், காக்கா இறகில் ஓடுவது போல. அதனால் அது 'புளூ'வில் இருந்து வந்தது என்று நம்பினார். நானும் பல வருஷம் அப்படியே நம்பினேன்.

ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூட அகராதியில் அதே சொல்லைத் தேடியபோது 'பூ, மலர்ச்சி' என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. தேயிலையில் பூவா?

தேயிலைச் செடியைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு இது விளங்காமல் போகலாம். தேயிலை பூக்கும் செடிதான். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து, மெல்லிய வாசம். விட்டால் மரமாகவே வளர்ந்துவிடும். ஆனால் யாரும் விடுவதில்லை. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் செடி திரும்பத் திரும்பத் துளிர்க்கத்தான் பார்க்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி முட்டியளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அடியில் எங்கேயோ ஒன்றிரண்டு பூ தப்பித்து ஒளிந்திருக்கும், அவ்வளவுதான். பூவுக்குப் போகிற சத்து இலைக்குக் கிடைக்காது என்பது தோட்டத்துக் கணக்கு. என் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் மலையில் கொழுந்தெடுத்தவர். வேறு மாதிரிச் சொன்னால், இருபது வருஷமாக ஒரு செடியைப் பூக்கவிடாமல் பார்த்துக்கொண்டவர். அந்த உழைப்பில் வரும் தூளைப் பாராட்டத்தான் கொழும்பில் ஒருவர் 'பூத்திருக்கிறது' என்று எழுதுகிறார்.

தேயிலை மூட்டையிலேயே 'ஃப்ளவரி' என்று போட்ட தரங்களும் உண்டு. ஃப்ளவரி புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ. அதில் பூவும் இல்லை, ஒரேஞ்சும் இல்லை. பெக்கோ என்பது தென்சீனத்துப் பேச்சில் வெள்ளை ரோமம் என்று அர்த்தம் வரும் சொல்லாம். கொழுந்தின் நுனியில் இருக்கும் பூனைமயிரைச் சொல்வது. எங்கள் வீட்டில் குடித்தது டஸ்ட். அதன் பெயரிலாவது பொய் இல்லை.

இரண்டாம் முறை அந்தச் சொல் வந்தது டியூஷன் சேரிடம் இருந்து. ஓ.எல்.லில் எனக்கு இங்கிலீஷுக்கு எஸ்தான் வந்தது. சேர் நல்ல மனுசன். ஆறுதலாகத்தான் சொன்னார்: "டோன்ட் வொரி. யூ ஆர் எ லேட் ப்ளூமர்." வகுப்பில் டவுன் பிள்ளைகள் இருந்தார்கள், நான் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் கோபம் வந்தது. லேட் என்றால் யாருடைய மணிக்கூட்டின்படி லேட்? எங்கள் ஸ்கூலுக்கு இங்கிலீஷ் டீச்சர் வந்ததே நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிறகுதான். செடிக்கு லேட்டா, தண்ணிக்கு லேட்டா?

அதே காலத்தில் ஒருநாள் பேராதனையில் இருந்து கடுகண்ணாவைக்குப் போகும் ரோட்டில் தாளிப்பனை ஒன்று பூத்திருந்ததைப் பார்த்தேன். பழைய ஓலைச்சுவடிகளுக்கெல்லாம் ஓலை கொடுத்த பனை அது. முப்பது, ஐம்பது, சிலது எண்பது வருஷம்கூட ஓலையை மட்டும் விரித்துக்கொண்டு நிற்கும். பிறகு ஒரே ஒரு முறை, உச்சந்தலையில் இருந்து ஆறேழு மீற்றர் உயரத்துக்கு இலட்சக்கணக்கான பூக்களைத் தள்ளும். காய்க்கும். செத்துப்போகும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சிங்கள ஆச்சி அதைப் பார்த்துக் கும்பிட்டார். இவரைவிட லேட் ப்ளூமர் யார் என்று எனக்குத் தோன்றியது. சேரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

கபேயில் மூன்றாம் முறை கேட்டபோதுதான் அந்தச் சொல்லைச் சும்மா விடக்கூடாது என்று பிடித்துக்கொண்டேன். வாடிக்கையாளர் இல்லாத மத்தியானங்களில் போனில் தேடித்தேடிப் படித்தேன். அதில் பிடித்ததை மட்டும் சொல்கிறேன்.

ப்ளூம் என்ற சொல் முதலில் ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளையே கிடையாது. வைக்கிங்குகளின் பாஷையான பழைய நோர்ஸில் இருந்து வந்து, 1200ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தில் குடியேறியது. அதற்கு முன் ஆங்கிலத்தில் இருந்தது ப்ளாசம்-இன் மூதாதை. பழைய ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட இதே உருவில் ஒரு சொல் இருந்தது, ஆனால் அதன் அர்த்தம் உலையில் இருந்து எடுக்கும் இரும்புக் கட்டி! வந்தேறிச் சொல் வந்து உட்கார்ந்து, இன்றைக்கு அந்த வீட்டுக்காரி போலவே இருக்கிறது. இதைப் படித்தபோது ஒரு சந்தோஷம் வந்தது. எங்கள் ஆட்களை 'வந்தேறி' என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

இன்னும் பின்னால் போனால் ஐரோப்பியப் பாஷைகள் பலதுக்கும் பொதுவான ஒரு வேர் என்கிறார்கள். தழைத்தல், விம்மி வெளிவருதல் என்பது அதன் பொருள். அந்த ஒரே வேரில் இருந்துதான் லத்தீன் வழியாக ஃப்ளவர் வந்தது, புல்லின் ப்ளேட் வந்தது, ஜெர்மன்காரர்களின் பூவான ப்ளூமவும் இலையான ப்ளாட்டும் வந்தன. கோதுமை மாவைச் சொல்லும் ஃப்ளவரும் பூவைச் சொல்லும் ஃப்ளவரும்கூட ஒரே சொல்தான். அரைத்ததில் மிக நைஸானது, 'மாவின் பூ'. பிறகு எழுத்தை மாற்றி இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள்.

ஆக, அடியில் போனால் இலையும் பூவும் ஒரே சொல். தோட்டத்துரைமாருக்கு இது தெரிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இதைப் படித்த அன்று ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். முப்பது செக்கன் நின்றேன். அப்போதுதான் உறைத்தது: நான் கையில் வைத்திருப்பது கோப்பி. எங்கள் ஆட்களை இந்த மலைக்குக் கொண்டுவந்தது இதுதான், தேயிலை இல்லை.

1820களில் கம்பளைப் பக்கம் சின்னப்பிட்டியவிலும், பேராதனைக்கு எதிர்க்கரையில் கன்னொறுவையிலும் வெள்ளைக்காரர்கள் கோப்பித் தோட்டம் போட்டார்கள். பிறகு கண்டியைச் சுற்றி மலை மலையாகக் காடு வெட்டி நட்டார்கள். கோப்பி பூவை நம்பிய பயிர். வறண்டு கிடக்கும் செடியில் ஒரு மழை விழும். ஒரு வாரம், பத்து நாளில் கிளை முழுக்க வெள்ளைவெளேரென்று பூக்கும், மல்லிகை மாதிரி மணக்கும். இரண்டு மூன்று நாளில் கொட்டிவிடும். அந்தப் பூவைப் பார்த்துத்தான் அந்த வருஷ விளைச்சலைக் கணக்குப் போடுவார்கள். காய் பிடித்துப் பழமாக எட்டு ஒன்பது மாதம். பழம் பறிக்கிற சில மாதங்களுக்குத்தான் நிறையக் கைகள் வேண்டும்.

அந்தக் கைகள் தமிழ்நாட்டில் இருந்து வந்தன. படகில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலைக்கு ஏறினார்கள். வழியில் கொலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். பழம் பறித்து முடிந்ததும் பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் வந்த வழியே திரும்பி ஊருக்குப் போனார்கள். மறு வருஷம் மறுபடி. கோப்பி பூக்கும், காய்க்கும், அவர்கள் வருவார்கள், போவார்கள்.

1869இல் இலங்கைக் கோப்பி இலைகளில் ஒரு நோய் காணப்பட்டது. இலையின் அடியில் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பொடி பூத்தது. துரு மாதிரி. (பாருங்கள், 'பூத்தது' என்றுதான் எழுத வருகிறது.) அது ஒரு பூஞ்சணம். இருபது வருஷத்துக்குள் கோப்பி படுத்துவிட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1867இல், எங்கள் கலஹாவுக்கு மேலே லூல்கந்தூரவில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி விழுந்ததும் எல்லோரும் அதற்கு மாறினார்கள்.

தேயிலைக்குப் பூக்காலம் கிடையாது. பறிப்புக் காலம் என்றும் தனியாக ஒன்று கிடையாது. வருஷம் முழுக்கத் துளிர்க்கும், வருஷம் முழுக்கக் கிள்ள வேண்டும். வந்து போகிற ஆள் சரிப்படாது, இருக்கிற ஆள் வேண்டும். குடும்பமாக வேண்டும், அதுவும் கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். லயங்கள் நீண்டன. திரும்பிப் போகும் வழி மெல்ல மெல்ல மறந்துபோனது. பூக்கிற செடிக்காக வந்தவர்கள், பூக்காத செடிக்காகத் தங்கிவிட்டார்கள். பிறகு 1948இல் நாடு எங்கள் குடியுரிமையைப் பறித்தபோது சொன்ன காரணம், நீங்கள் வந்து போகிறவர்கள் என்பதுதான். வருவதும் போவதும் கோப்பியின் பழக்கம். தேயிலைக்காரர்களிடம் வந்து அதைச் சொன்னார்கள்.

எங்கள் தோட்டத்துப் பெக்டரி நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது மூடப்பட்டது. கொழுந்தை லொறியில் ஏற்றி வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். அப்பா கண்டியில் ஒரு கடைக்கு செக்கியூரிட்டியாகப் போனார். மேல் மலையில் ஆள் இறங்கவில்லை, கவ்வாத்து இல்லை, புல் வெட்டு இல்லை. இரண்டு வருஷத்தில் தேயிலை என் தலைக்கு மேல் வளர்ந்தது. ஒரு காலையில் விறகு பொறுக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். மலை முழுக்க வெள்ளை. தேனீ இரைச்சல். அவ்வளவு பூவையும் ஒரு கை கிள்ளி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மாயி வாசலில் இருந்தார்.

"என்னாது அது?"

"தேயிலப் பூ அம்மாயி. மேமலையில அம்புட்டும் பூத்திருக்கு."

"அத ஏன் வீட்டுக்குள்ள கொண்டாற? வெளிய போடு. தோட்டம் செத்தாதான் அது பூக்கும்."

போட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் கொப்பிக்குள் வைத்தேன். இப்போதும் இருக்கிறது, பழுப்பாக. ஹந்தானைப் பக்கம் மலையேறப் போகிற நண்பர்கள் அந்த மாதிரிக் கைவிட்ட தேயிலைக்குள் நின்று போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. லைக்கும் போடுகிறேன்.

அம்மாயியின் பேச்சில் இருந்து இன்னொரு பக்கம் திறந்தது. ஆங்கிலச் சொல்லைத் துரத்திக்கொண்டிருந்த நான் நம் சொல்லைக் கவனிக்கவே இல்லை. 'பூத்தல்' என்பதை நாம் எதற்கெல்லாம் சொல்கிறோம்? சுவரில் உப்புப் பூக்கிறது. பழைய சோற்றில் பூஞ்சணம் பூக்கிறது. முகத்தில் வேர்வை பூக்கிறது, சிரிப்பும் பூக்கிறது. அணைந்த அடுப்பில் நீறு பூத்த நெருப்பு. எல்லாமே உள்ளே இருந்தது மேற்பரப்பில் வந்து நிற்பது. ஆங்கிலத்திலும் முந்திரிப்பழத்தின் (திராட்சையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்) தோலில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, தொட்டால் விரல் ரேகை விழுமே, அது ப்ளூம். ஃப்ரிட்ஜில் கிடந்த சொக்லேட்டில் வெள்ளை படிந்தால் அதுவும் ப்ளூம். 1990களின் கடைசியில் கண்டி வாவி திடீரென்று பச்சையாகத் திரண்டது. டவுன் கழிவு வந்து சேர்ந்து கொழுத்த நீரில் நுண்பாசி பெருகி ஆடை கட்டியது. விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயரும் ப்ளூம்தான். கடைசி ராசா ஆசையாகக் கட்டிய குளம் பூத்துவிட்டது என்று எழுதினால் யாராவது தப்பாகக் கவிதை என்று நினைப்பார்கள். அந்தப் பாசியில் விஷம் இருக்கும்.

பெண்பிள்ளைகளையும் விடவில்லை. எனக்குச் சடங்கு வைத்தபோது கார்டில் 'பூப்புனித நீராட்டு விழா' என்று தங்க எழுத்து. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா கேட்டது 'மல்வர வுணாத' என்று. மல் என்றால் பூ. ஆங்கிலேயர்கள் மட்டும் இதில் நாகரிகமானவர்கள் என்று நினைத்திருந்தேன். நானூறு வருஷத்துக்கு முந்தைய அவர்களின் பைபிளிலேயே மாதவிடாய்க்கு 'பூக்கள்' என்றுதான் இருக்கிறது. மூன்று பாஷையும் இதில் மட்டும் ஒற்றுமை. சடங்கு முடிந்த மறுவாரம் என் சிநேகிதி ஒருத்தி ஸ்கூலை விட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவளுக்கும் அதே மாதிரிக் கார்டு அடித்தார்கள். பூத்தது என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு உடனே கிள்ளி எடுப்பதை நாங்கள் எங்கே கற்றுக்கொண்டோம் என்று எனக்குத் தெரியும்.

அம்மாயி கதைக்கு வருகிறேன். அவரின் கண் பூத்துப்போயிருந்தது. இதற்கு ஆங்கிலத்தில் எந்த ப்ளூமும் உதவாது. வழி பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போச்சு என்றால் அது நமக்கு மட்டும்தான் விளங்கும்.

அவர் வழி பார்த்தது தன் அண்ணனுக்காக. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள், சிறிமாவோவும் சாஸ்திரியும், உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அம்மாயியின் அண்ணன் அந்தக் கணக்கில் இந்தியாவுக்கு விழுந்தார், அம்மாயி இங்கே விழுந்தார். 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போனார். திரும்பி வந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் போட்ட தேயிலைத் தோட்டத்தில், கோத்தகிரிப் பக்கம், அவருக்கு வேலை. கடல் தாண்டிப் போய் மறுபடி அதே கொழுந்து, அதே லயம். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு தீபாவளிக்கு ஒன்று. 83க்குப் பிறகு அதுவும் நின்றது. அவர் செத்த செய்தியே ஒரு வருஷம் கழித்துத்தான் வந்தது.

ஃபேஸ்புக் வந்த பிறகு அவர் பேரனை நான் கண்டுபிடித்தேன். 2018இல் அவன் வட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி அந்த வருஷம் பூத்திருந்தது. மலைச்சரிவு முழுக்க நீலம். 'அம்மாயிக்குக் காட்டு, தாத்தா இதைப் பத்தி நிறையச் சொல்லுவாரு' என்று எழுதியிருந்தான். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"என்னா புள்ள, சாம்பக் கொட்டுன மாதிரி இருக்கு?"

"பூ அம்மாயி. நீலப் பூ."

"எனக்கு ஒன்னும் வெளங்கல. பனி விழுந்திருக்காக்கும்."

அவர் கண்ணில் பூ விழுந்திருந்தது. அப்படித்தான் வீட்டில் சொல்வோம். வயசானால் விழும், என்ன செய்ய என்று எல்லோரும் விட்டிருந்தார்கள், அவரும்தான். கபேயில் முதல் சம்பளம் எடுத்ததும் நான் செய்த வேலை அவரைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனது. டொக்டர் சிங்களவர். நான் என் சிங்களத்தில் அப்படியே மொழிபெயர்த்தேன்: எஹேட்ட மலக் வெட்டிலா. கண்ணில் ஒரு பூ விழுந்துவிட்டது. அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர்கள் அதற்குச் சொல்வது 'சுத', அதாவது வெள்ளை. "ஆனால் உங்கள் சொல் வடிவாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்த மெடிக்கல் ஸ்டூடன்ட் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் காட்டினார்.

ஒப்பரேஷன் முடிந்து மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். அம்மாயி முதலில் பார்த்தது என் சட்டையை. "இது என்னாடி இம்புட்டு நீலம்?" பழைய சட்டைதான், வெளுத்துப்போனது. டொக்டரிடம் கேட்டேன். வயசாக வயசாகக் கண் வில்லை மஞ்சளாகி, பழுப்பாகி, நீல வெளிச்சத்தை உள்ளே விடாதாம். வில்லையை மாற்றியதும் பலரும் முதலில் சொல்வது நீலத்தைப் பற்றித்தானாம். எத்தனையோ வருஷமாக அவருக்கு வானம் எந்த நிறத்தில் இருந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், வான் பல்கலைக்கழகத்தைத் தாண்டிக் கலஹா ரோட்டில் ஏறும்போது, அவர் என் கையைச் சுரண்டினார்.

"அந்தப் பனி விழுந்த போட்டா இருக்கா?"

தேடி எடுத்துக் கொடுத்தேன். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு கண் கண்ணாடி மூடிக்குள், மற்றக் கண் இன்னும் பூ விழுந்தபடி. வான் வளைவுக்கு வளைவு ஆடியது. அவர் அசையவில்லை.

"அடியாத்தி. மல பூராவுமா?"

"பூராவும்."

"இம்புட்டையும் வெட்டிப்புட்டா தேயில வச்சானுக?"

கோத்தகிரியில் அப்படித்தான் நடந்தது, இங்கேயும் காட்டை அப்படித்தான் வெட்டினார்கள். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் விரலால் திரையைத் தடவி, படத்தைத் தப்பாக நகர்த்தி, பதறிப்போய் என்னிடம் நீட்டினார்.

"இதுல அண்ணன் லயம் எந்தப் பக்கம்னு பாத்துச் சொல்லு."

பெரிதாக்கினேன். நீலத்துக்குக் கீழே, வலது ஓரத்தில், ஒரு வரிசைத் தகரக்கூரை இருந்தது. இன்னும் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. "இந்தா அம்மாயி, இதுதான்" என்று விரல் வைத்தேன். அதுதானா என்று பேரனிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.